பிட்காயினின் சில்லறை



பணத்தைப் பற்றிப் பேச மேடை கிடைத்தால் பட்ஜெட், பற்றாக்குறை, அந்நியச் செலாவணி என்று பெரிய தொகைகளைப் பேசுவதுதான் வழக்கம். நான் இன்று எடுத்துக்கொண்டிருப்பது மிகச் சிறிய தொகை. பிட்காயின் என்னும் டிஜிட்டல் நாணயத்தின் சில்லறை. அதன் விலை ஏறுமா, இறங்குமா, இப்போது வாங்கலாமா என்று கூட்டம் முடிந்ததும் தயவுசெய்து என்னைக் கேட்காதீர்கள். அது தெரிந்தவன் இந்த வெயிலில் இங்கே வந்து பேசிக்கொண்டிருக்க மாட்டான்.

2008 அக்டோபர் 31 அன்று சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் பிட்காயினை விளக்கும் ஒன்பது பக்கக் கட்டுரை ஒன்று வெளியானது. 2009 ஜனவரி 3 அன்று அந்த நாணயத்தின் முதல் பிளாக், அதாவது பரிவர்த்தனைகள் பதிவாகும் பேரேட்டின் முதல் தொகுதி, உருவானது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பவர் ஒருவரா பலரா என்பது இன்றுவரை வெளிவரவில்லை. பிட்காயினைப் பற்றி மேலோட்டமாகத் தெரிந்தவர்களுக்கும் இரண்டு எண்கள் தெரிந்திருக்கும். ஒன்று அன்றைய விலை. இன்னொன்று, மொத்தம் 2 கோடியே 10 லட்சம் நாணயங்களுக்கு மேல் உருவாகாது என்ற உச்சவரம்பு. இரண்டும் பெரிய அலகில் சொல்லப்படுபவை. பேரேட்டைத் திறந்து பார்த்தால் அந்தப் பெரிய அலகை அங்கே காண முடியாது.

ஒருவர் இன்னொருவருக்கு அரை பிட்காயின் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பேரேட்டில் 0.5 என்று பதிவாவதில்லை. 5,00,00,000 என்று ஒரு முழு எண் பதிவாகிறது. புள்ளியும் கிடையாது, பின்னமும் கிடையாது. அதாவது, சதோஷி என்னும் கடைசி அலகில் 5 கோடி. ஒரு பிட்காயின் என்பது 10 கோடி சதோஷி. நிரலை முதலில் எழுதியவர் 10 கோடி என்ற மாறிலிக்கு ‘காயின்’ என்று ஒரு பெயர் வைத்தார். 10 லட்சம் என்ற இன்னொரு மாறிலிக்கு ‘சென்ட்’ என்று வைத்தார். இரண்டும் எழுதுகிறவரின் வசதிக்கான சுருக்கங்கள். எண்ணப்படுவது சதோஷிதான். பிட்காயின் என்று நாம் சொல்வது, திரையில் காட்டும்போது வலப்பக்கத்திலிருந்து எட்டு இலக்கம் தள்ளி ஒரு புள்ளி வைத்தால் கிடைக்கும் தோற்றம். ரூபாயைச் சிறிது சிறிதாக உடைத்துப் பைசா வந்தது என்று நாம் பழகியிருக்கிறோம். இங்கே வரிசை நேர்மாறானது. சிறியதுதான் மூலப்பொருள், பெரியது அதன் கட்டு.

இதைக் கணினித் துறையினருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கணினியிடம் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டச் சொன்னால் பல மொழிகளில் 0.30000000000000004 என்று விடை வரும். இரும எண்களில் 0.1ஐத் துல்லியமாக எழுத முடியாததால் வரும் தொல்லை இது. பணக் கணக்கில் இந்தத் தூசி சேர்ந்தால் மாலையில் கல்லா ஒட்டாது. அதனால் இணையத்தில் பணம் வாங்கித் தரும் இடைநிலை நிறுவனங்கள் பலவும் 500 ரூபாயை 50000 பைசா என்றே கேட்டு வாங்குகின்றன. கையில் பைசா புழங்குவது என்றைக்கோ நின்றுவிட்டது. ஆனால் நாம் தட்டும் பல ‘பே’ பொத்தான்களுக்குப் பின்னால் எங்கோ ஓரிடத்தில் அது எண்ணப்படுகிறது.

முழு எண்ணாக எண்ணுவதிலும் ஆபத்து உண்டு. அந்த எண்ணை வைக்கும் பெட்டிக்கு ஓர் அளவு இருக்கிறது. பிட்காயின் நிரலில் தொகை வைக்கும் இடம் 64 பிட் அகலம் கொண்டது, சுமார் 92,233 கோடிக் கோடி... இல்லை, இப்படிச் சொன்னால் யாருக்கும் பிடிபடாது. பிட்காயினில் சொல்கிறேன்: ஏறத்தாழ 9,223 கோடி பிட்காயின் வரை அந்தப் பெட்டி தாங்கும். 2010 ஆகஸ்ட் 15 அன்று, 74,638ஆம் பிளாக்கில், யாரோ ஒருவர் தலா 9,223 கோடிக்கு மேற்பட்ட பிட்காயின்களை இரண்டு முகவரிகளுக்கு அனுப்புவதாக ஒரு பரிவர்த்தனையை நுழைத்தார். இரண்டையும் கூட்டியபோது பெட்டி வழிந்து, கூட்டுத்தொகை மைனஸில் போய் நின்றது. மைனஸ் தொகை கையிருப்பைவிடக் குறைவுதானே என்று சரிபார்க்கும் நிரல் வழிவிட்டுவிட்டது. 2 கோடியே 10 லட்சத்துக்கு மேல் இருக்கவே கூடாத நாணயம் ஒரே பிளாக்கில் 18,446 கோடி முளைத்தது. சில மணி நேரத்துக்குள் திருத்திய நிரல் வெளியாகி, அந்த பிளாக்கை ஒதுக்கிவிட்டு வேறு பிளாக் சங்கிலி வளர்ந்தது. 18,446 கோடி என்ற அந்த விசித்திர எண் எங்கிருந்து வந்தது? இரண்டின் 64ஆம் அடுக்கை 10 கோடியால் வகுத்துப் பாருங்கள். பெரிய அலகில் பார்க்கும்போது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும் எண், சிறிய அலகில் பார்த்ததும் பெட்டியின் விளிம்பு என்று புரிந்துவிடுகிறது.

இன்னொரு உதாரணம் எனக்கு மிகவும் பிடித்தது. பிளாக்கை உருவாக்குகிறவருக்குத் தொடக்கத்தில் 50 பிட்காயின் வெகுமதி. ஒவ்வொரு 2,10,000 பிளாக்குக்கும் அது பாதியாகும். 2012இல் 25, 2016இல் 12.5, 2020இல் 6.25, 2024 ஏப்ரலில் 3.125. இப்படியே போனால் முடிவே இல்லையே, பாதியில் பாதி, அதில் பாதி என்று போய்க்கொண்டே இருக்குமே என்று தோன்றும். சதோஷியில் எண்ணினால் முடிவு தெரிகிறது. 50 பிட்காயின் என்பது 500 கோடி சதோஷி. அதை ஒன்பது முறை மிச்சமில்லாமல் பாதியாக்கலாம். ஒன்பதாம் முறை கிடைப்பது 97,65,625. ஒற்றைப்படை எண். பத்தாம் முறை அரை சதோஷி மிஞ்சும். அரை சதோஷிக்குப் பேரேட்டில் இடமில்லை. நிரல் அதைத் தள்ளிவிடும். 2048 வாக்கில் அது நடக்கும். அதற்குப் பிறகும் இப்படி அவ்வப்போது தள்ளித் தள்ளி, 32 முறை பாதியான பிறகு வெகுமதி ஒரே ஒரு சதோஷியாகி, 33ஆம் முறை பூஜ்யமாகும். அது 2140 வாக்கில். தள்ளிவிட்ட அரைகளின் விளைவாக உச்சவரம்பு எனப்படும் 2 கோடியே 10 லட்சம் ஒருபோதும் எட்டப்படாது. விதிப்படி கணக்கிட்டால் 23,10,000 சதோஷி குறையும். உச்சவரம்பு என்று எங்கும் முழங்கப்படும் எண் தோராயமானது. துல்லியம் கீழே இருக்கிறது.

நம்மூர்க்காரர்களுக்கு ஒரு சௌகரியம். மில்லியன், பில்லியன் என்று மூன்று மூன்றாகப் பிரிப்பவர்களுக்குச் சதோஷிக் கணக்கு சற்று முரண்டு பிடிக்கும். கோடியில் எண்ணுகிறவர்களுக்கு அது வாகாக விழுகிறது. ஒரு பிட்காயின் 10 கோடி சதோஷி. மொத்தம் 21 கோடிக் கோடி சதோஷி. ஒரு பிட்காயினின் விலை ஒரு கோடி ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு சதோஷி 10 பைசா. பத்து லட்சம் ரூபாய் என்றால் ஒரு பைசா. பத்துக் கோடி என்றால் ஒரு ரூபாய். இதற்குக் கால்குலேட்டர் தேவையில்லை. ஒரு முழுப் பிட்காயின் வாங்க வசதியில்லை என்று நினைத்து, ஒரு ரூபாய்க்கு நூறு கிடைக்கிறதே என்று பெயர் தெரியாத ஏதோ ஒரு நாணயத்தில் பணத்தைப் போட்டவர்கள் நிறையப் பேர். முழுசாக ஒன்று வேண்டும் என்ற ஆசைதான் அவர்களை அங்கே தள்ளியது. சதோஷியில் விலை சொல்லியிருந்தால் அந்த ஆசைக்கு வேலையே இருந்திருக்காது.

பெயர்களுக்கு வருகிறேன். சின்ன அலகுக்குப் பெயர் வேண்டும் என்ற பேச்சு 2010 இறுதியிலேயே தொடங்கிவிட்டது. முதலில் நூறில் ஒரு பங்குக்குத்தான் சதோஷி என்று பெயர் வைக்கலாம் என்றார்கள். 2011இல் அந்தப் பெயர் கீழே இறங்கி, எட்டாம் தசம இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. நடுவில் இருக்கும் இடைவெளிக்கு மெட்ரிக் முன்னொட்டுகளைச் சேர்த்து மில்லி பிட்காயின், மைக்ரோ பிட்காயின் என்று வைத்துப் பார்த்தார்கள். மைக்ரோவுக்கான கிரேக்க எழுத்து விசைப்பலகையில் இல்லை. மில்லிக்கான சின்ன எழுத்தைப் பெரிதாக அடித்துவிட்டால் மெகா ஆகிவிடும். அப்புறம் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு, அதாவது நூறு சதோஷிக்கு, ‘பிட்’ என்று பெயர் வந்தது. 2014 வாக்கில் சில பெரிய நிறுவனங்களே அதை ஏற்றன. 2017இல் ஜிம்மி சாங் என்பவர் அதை முறைப்படி முன்மொழிந்தார். 176ஆம் எண் முன்மொழிவு அது. தர்க்கப்படி மிக நல்ல யோசனை. புள்ளிக்குப் பின் இரண்டே இடம், ரூபாய்–பைசா போலவே. இருந்தும் பிடிக்கவில்லை. இன்று புழங்குகிறவர்களின் வாயில் இருப்பது சதோஷி. அதுவும் சுருங்கி, ‘சாட்’.

ஏன்? கட்டணம் அதில் எண்ணப்படுகிறது என்பதுதான் என் விடை. பிட்காயின் அனுப்பும்போது கட்டணம் தொகையைப் பொறுத்ததல்ல. பரிவர்த்தனை பிடிக்கும் இடத்தைப் பொறுத்தது. ஒரு பைட்டுக்கு இத்தனை சாட். சாதாரணப் பரிவர்த்தனை ஒன்று கட்டணக் கணக்கில் சுமார் 140 பைட் இடம் பிடிக்கும். பைட்டுக்கு 10 சாட் என்றால் 1,400 சாட். இதையே பிட்காயினில் சொன்னால் 0.000014, ஒரு பூஜ்யத்தை விட்டுவிட்டால் கட்டணம் பத்து மடங்கு. ‘பிட்’டில் சொன்னால் பைட்டுக்கு 0.1, மறுபடியும் புள்ளி. கட்டணம் நிர்ணயிக்க உட்கார்ந்தவர்களுக்குக் கையில் வசதியாக வந்த அலகு சாட். பெயர் அங்கேயிருந்து பரவியது.

தூசி என்றொரு வழக்கும் அவர்களிடையே உண்டு. ஒரு தொகையைச் செலவழிக்க ஆகும் கட்டணமே அந்தத் தொகையை விழுங்கிவிடும் என்றால் அது தூசி. பழைய வகை முகவரிக்கு 546 சாட்டுக்குக் குறைவான தொகையை அனுப்பினால் பிட்காயின் வலையமைப்பின் கணினிகள் முன்னிருப்பாகவே கடத்த மறுக்கும். 546 என்பது வானத்திலிருந்து விழுந்ததல்ல. அந்தத் தொகையை எழுதிவைக்க 34 பைட், பிறகு எடுத்துச் செலவழிக்க 148 பைட், ஆக 182. பைட்டுக்கு 3 சாட் வீதம் 546. பேரேட்டின் அலகு ஒரு சாட். ஆனால் சந்தையில் புழங்கத்தக்க மிகச் சிறிய காசு அதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு பெரியது. எண்ண முடிவதும் கொடுக்க முடிவதும் இருவேறு விஷயங்கள்.

ஈதரின் கதை இதைவிடத் தெளிவானது. 2015 ஜூலை 30 அன்று தொடங்கிய எத்தீரியம் வலையமைப்பின் நாணயம் ஈதர். அதன் கடைசி அலகு வெய். ஒரு ஈதர் பத்தாயிரம் கோடிக் கோடி வெய். விட்டாலிக் பியூட்டரின் எழுதிய அடிப்படை அறிக்கையிலேயே பெயர்களை ஒழுங்காக வரிசைப்படுத்தியிருந்தார்கள். அன்றாடப் பரிமாற்றத்துக்கு ஈதர், சின்னச் செலவுகளுக்கு ஃபின்னி, கட்டணம் முதலிய தொழில்நுட்பப் பேச்சுக்கு ஸாபோவும் வெய்யும் என்பது திட்டம். பெயர்கள் எல்லாம் மரியாதைக்குரியவை. 1998இல் ‘பி-மணி’ என்ற திட்டத்தை எழுதிய வெய் டாய், 2009 ஜனவரியில் சதோஷியிடமிருந்து முதல் பரிமாற்றமாக 10 பிட்காயின் பெற்ற ஹால் ஃபின்னி, ‘பிட் கோல்ட்’ யோசனையைத் தந்த நிக் ஸாபோ. வோல்ட், ஆம்பியர், ஓம் என்று அறிவியலாளர் பெயர்களை அலகுகளுக்கு இடும் ஆய்வுக்கூட வழக்கம் இது. அக்கசாலையின் வழக்கமல்ல. பிற நாணய வலையமைப்புகளில் கார்டானோ தன் கடைசி அலகுக்கு லவ்லேஸ் என்று வைத்தது; சொலானா லாம்போர்ட் என்று வைத்தது.

ஆனால் என்ன நடந்தது? கட்டணம் கணக்கிட வெய் மிகச் சின்னது, ஸாபோ பெரியது. நூறு கோடி வெய் கொண்ட ஓர் இடைநிலை அளவுதான் சரியாகப் பொருந்தியது. அதற்கு ஷானன் என்று ஒரு பெயர் இருந்தும் யாரும் சொல்லவில்லை. கிகா வெய் என்பதைச் சுருக்கி ‘க்வெய்’ என்றார்கள். கணிப்பு வேலையை அளக்கும் அலகான ‘கேஸ்’ எளிய பரிமாற்றம் ஒன்றுக்கு 21,000. கேஸ் ஒன்றுக்கு 20 க்வெய் என்றால் 4,20,000 க்வெய், அதாவது 0.00042 ஈதர். எல்லாருடைய கண்ணும் அந்த 20 என்ற எண்மீதுதான். அறிக்கையின் வரிசையில் இடம்பெறாத க்வெய் நிலைத்தது. பெரியவர்களின் பெயர் தாங்கிய ஃபின்னியையும் ஸாபோவையும் 2020இல் சொலிடிட்டி நிரல்மொழி தன் சொற்பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டது. அதே ஆண்டில் க்வெய் உள்ளே வந்தது. எந்தக் கட்டணமும் ஃபின்னியில் எண்ணப்படவில்லை. அவ்வளவுதான் காரணம்.

பின்னத்துக்குப் பெயர் வைப்பதில் நமக்கு ஒரு பெருமை உண்டு. முந்திரி, கீழ் முந்திரி, இம்மி என்று அடுக்கிப் பேசி நாம் அதோடு நின்றுவிடுவோம். அந்தப் பெயர்களுக்கு உயிர் கொடுத்தது எது என்று யோசிப்பதில்லை. முந்திரி 320இல் ஒரு பங்கு. அதில் மறுபடி 320இல் ஒரு பங்கு கீழ் முந்திரி, 1,02,400இல் ஒன்று. சோழர் காலத்தில் வேலியில் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு வரை நிலத்தைக் கணக்கிட்டு வரி விதித்ததைத் தஞ்சைக் கல்வெட்டுகளைப் படித்த அறிஞர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். ஒரு வேலியைச் சுமார் 6.6 ஏக்கர் என்று கொண்டு வகுத்துப் பாருங்கள். அரைச் சதுர மில்லிமீட்டர் வரும். அதை எந்தக் கோலாலும் எவரும் அளந்திருக்க முடியாது. வரியைப் பங்கிட்டு வகுத்தபோது கணக்கில் மிஞ்சியது அது. மிச்சத்தை விட்டுவிட மனமில்லாத வரிக்கணக்கு இருந்ததால் அந்தப் பெயர்கள் தேவைப்பட்டன. கணக்கு போனதும் பெயர்கள் எண்சுவடிக்குள் போய்ப் படுத்துக்கொண்டன. இம்மி மட்டும் ‘இம்மியும் பிசகாமல்’ என்று பேச்சில் தங்கியது.

பைசாவும் அப்படியே. 2011 ஜூன் 30 முதல் 25 பைசாவும் அதற்குக் குறைந்த காசுகளும் செல்லாமல் போயின. அதற்கு இரண்டு ஆண்டு முன்னால்தான், 2009இல், டாடா டோகோமோ விநாடிக்கு ஒரு பைசா என்று செல்போன் கட்டணம் அறிவித்தது. மற்ற நிறுவனங்களும் வேறு வழியில்லாமல் பின்தொடர்ந்தன. கடைக்காரர் வாங்க மறுத்த ஒற்றைப் பைசா, செல்பேசிக் கட்டணத்தில் நாடு முழுக்க எண்ணப்பட்டது. இன்றும் பெட்ரோல் விலையிலும் பங்குச் சந்தையிலும் பைசா இருக்கிறது. வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள் இந்த அரங்கில் இருந்தால், குவைத்தின் ஆயிரம் ஃபில்ஸும் ஓமானின் ஆயிரம் பைசாவும் நினைவுக்கு வரும். மூன்று தசம இடங்களில் அவர்கள் இயல்பாகக் கணக்குப் பார்க்கிறார்கள்.

இப்போது நடக்கும் சண்டைக்கு வருகிறேன். 2025இல் 177ஆம் எண் முன்மொழிவு ஒன்று வந்திருக்கிறது. பேரேட்டில் இருப்பது முழு எண்கள் மட்டுமே. புள்ளி நாமாக வைத்தது. ஆகவே அந்தக் கடைசி அலகையே பிட்காயின் என்று அழைப்போம், சதோஷி என்ற சொல்லை விட்டுவிடுவோம் என்கிறது அது. நேற்று வரை ஒரு பிட்காயின் வைத்திருந்தவர் இன்று 10 கோடி பிட்காயின் வைத்திருப்பார், செல்வம் அதேதான். காரணமாக அவர்கள் சொல்வது முழுக்க நான் இவ்வளவு நேரம் சொன்னதுதான். முடிவில் மட்டும் நான் உடன்படவில்லை.

நாம் இதைச் செய்து பார்த்தவர்கள். 1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய்க்கு 64 பைசா என்ற கணக்கு போய் 100 பைசா என்ற கணக்கு வந்தது. அதே பைசா என்ற சொல், வேறு மதிப்பு. அன்றைய அரசு ‘நயா’ என்று ஓர் அடைமொழியைச் சேர்த்தது. காசிலேயே அதைப் பொறித்தது. ஏழு ஆண்டுகள் கழித்து, பழைய கணக்கு மக்கள் மனத்திலிருந்து இறங்கிய பிறகு, 1964 ஜூன் 1 அன்று அடைமொழியை எடுத்தது. ‘ஒரு நயா பைசா தரமாட்டேன்’ என்று இன்றும் சொல்கிறோம். 2005இல் ஆறு பூஜ்யங்களை வெட்டிய துருக்கியும் தன் லிராவுக்குப் ‘புதிய’ என்ற அடைமொழியைக் கொடுத்து, நான்கு ஆண்டுகள் கழித்தே எடுத்தது. அங்கெல்லாம் பின்னால் ஓர் அரசும் சட்டமும் இருந்தன. குறிப்பிட்ட தேதியிலிருந்து பழையது செல்லாது என்று சொல்ல ஆள் இருந்தார்கள். பிட்காயினுக்கு அப்படி யாரும் இல்லை. ஒப்பந்தங்களிலும் உயில்களிலும் நீதிமன்ற ஆவணங்களிலும், நம் நாட்டில் 2022 ஏப்ரல் முதல் 30 விழுக்காடு வரிக்காகத் தாக்கல் செய்யும் கணக்குகளிலும் ‘2 பிட்காயின்’ என்று எழுதப்பட்டிருப்பது எந்தப் பிட்காயின் என்று யார் தீர்ப்பளிப்பது? பத்து மடங்கு, நூறு மடங்கு வேறுபாடு என்றால் பார்த்ததும் சந்தேகம் வரும், கேட்டுத் தெளியலாம் என்று வாதிக்கலாம். 10 கோடி மடங்கு வேறுபாட்டில் கேட்கத் தோன்றுவதற்குள் பணம் போயிருக்கும். போன பணத்தைத் திருப்பித் தரவும் அங்கே யாருமில்லை. சிறிய அலகில் எண்ணுவோம் என்பது சரி. அதற்குப் பிடிப்பான பெயர் ஏற்கெனவே இருக்கும்போது அதைப் பிடுங்கி எறிவானேன்?

சதோஷிக்கும் கீழே போகத் தேவை வந்துவிட்டது என்பதையும் சொல்லி முடிக்கிறேன். லைட்னிங் என்பது பேரேட்டுக்கு வெளியே இருவருக்கிடையே கணக்கு வைத்துக்கொண்டு, கடைசியில் மட்டும் பேரேட்டில் தீர்க்கும் ஏற்பாடு. பணம் பல கைகள் மாறிப் போகும். கடத்திவிடும் ஒவ்வொருவரும் பத்து லட்சத்தில் ஒரு பங்கு போன்ற கட்டணம் வைப்பார்கள். 25,000 சாட் அனுப்பினால் அந்த விகிதத்தில் கட்டணம் சாட்டில் நாற்பதில் ஒரு பங்கு. அதற்காக மில்லிசாட் என்று, ஆயிரத்தில் ஒரு பங்கை எண்ணுகிறார்கள். மறுபடியும் கட்டணம்தான் பெயரைக் கொண்டுவந்திருக்கிறது. கணக்கைத் தீர்த்துப் பேரேட்டில் எழுதும்போது மில்லிசாட்டுகள் உதிர்ந்துவிடும். பேரேடு அவற்றை அறியாது. ஒருநாள் பேரேடே அறிய வேண்டும் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டால் இடமிருக்கிறதா? நான் முன்பு சொன்ன 64 பிட் பெட்டியில் இப்போதைய மொத்தத்தைப் போல 4,392 மடங்கு கொள்ளும். ஆகவே இன்னும் மூன்று தசம இடங்கள் தாராளமாக அடங்கும். நான்காவது இடம் சேர்த்தால் 2010 ஆகஸ்டில் வழிந்தது போல வழியும். அப்போது பெட்டியையே மாற்ற வேண்டியிருக்கும்.